ராய் ஜோன்ஸ் ஏறினாரே, நான் ஏறினால் என்ன?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. வியாசர்பாடியில் வளர்ந்தவன். குத்துச்சண்டையில் 63.5 கிலோ பிரிவில் மாநில சாம்பியன், தேசிய அளவில் ஒரு வெண்கலமும் உண்டு. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இதற்கு நடுவில் ஒரு பிரமோட்டர் கூப்பிட்டிருக்கிறார். மூன்று வருஷ ஒப்பந்தம். முதல் சண்டை துபாயில், இன்னும் ஐந்து வாரத்தில், 69.8 கிலோவில், ஆறு ரவுண்டு. எதிராளி ஏற்கெனவே 14 சண்டை ஜெயித்தவர். நாலு லட்சம் தருகிறார்களாம். சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு டிக்கெட் கிடையாது, கார்னரில் நின்று ரவுண்டுக்கு நடுவில் கவனித்துக்கொள்ள அங்கேயே ஆள் இருக்கிறதாம். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். "ராய் ஜோன்ஸ் ஹெவிவெயிட் வரைக்கும் ஏறிப் போய் ஜெயிக்கலையா? பயப்படுறவன் சாம்பியன் ஆக முடியாது" என்கிறான். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இது சரியான முடிவா, டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத அக்கா, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி ப்ரொஃபஷனல் ஆவதே தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. 23 வயது அதற்கு நல்ல வயது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற இந்தச் சண்டைக்கு, இந்த நிபந்தனைகளோடு, அவர் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் உலக சாம்பியன்களை உதாரணம் காட்டுவதால் நானும் அவர்களை வைத்தே பேசுகிறேன். கடிதத்தை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ராய் ஜோன்ஸ் கதை உண்மைதான். 2003 மார்ச் 1-ஆம் தேதி லாஸ் வேகாஸில் ஜான் ருயிஸை ஜெயித்து டபிள்யூபிஏ ஹெவிவெயிட் பெல்ட்டை வாங்கினார் (டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப் எல்லாம் உலகப் பட்டம் கொடுக்கிற அமைப்புகள்). மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ஒருவர் ஹெவிவெயிட் பெல்ட்டையும் வாங்கியது 106 வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை. தராசில் ஜோன்ஸ் 87 கிலோ சொச்சம், ருயிஸ் 102 கிலோ சொச்சம். ஆனால் யாரோடு மோத ஏறினார் என்று பாருங்கள். ருயிஸ் நேராக வந்து கட்டிப்பிடிக்கிற, வேகம் குறைந்த ஆள். அப்போது ஹெவிவெயிட்டில் பெரிய தலை லெனாக்ஸ் லூயிஸ். அந்தப் பக்கமே ஜோன்ஸ் போகவில்லை. எதிராளி, தேதி, பணம் எல்லாவற்றிலும் அவர் பேச்சு எடுபட்டது. தம்பி விஷயத்தில் எதிராளியைத் தேர்ந்தெடுத்தது யார்?

அப்புறம் நடந்ததையும் தம்பி சொல்லியிருக்க மாட்டார். அதே வருஷம் நவம்பரில், ஏற்றிய தசையையெல்லாம் இறக்கிக்கொண்டு 79 கிலோ பிரிவுக்குத் திரும்பி அந்தோனியோ டார்வரோடு மோதினார். தட்டுத் தடுமாறிப் புள்ளியில் ஜெயித்தார். 2004 மே மாதம் மறு ஆட்டம். இரண்டாவது ரவுண்டிலேயே டார்வரின் இடது கை அவரைப் படுக்க வைத்தது. செப்டம்பரில் கிளென் ஜான்சன் ஒன்பதாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தபோது, ஜோன்ஸ் எழுந்திருக்கவே சில நிமிஷம் ஆனது. அந்த வருஷத்துக்கு முன்னால் அவர் நாக்-அவுட் ஆனதே இல்லை. வயது 35 ஆகிவிட்டது, கால் வேகம் குறைகிற வயதுதான். எடையை ஏற்றி இறக்கியது மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஏறிப் போனவர் இறங்கி வந்தபோது பழைய ஜோன்ஸாக வரவில்லை.

தம்பி பார்க்க வேண்டிய ஆள் ராய் ஜோன்ஸ் இல்லை, கெல் புரூக். ஷெஃபீல்டுக்காரர். 2014-இல் அமெரிக்காவுக்கே போய் ஷான் போர்ட்டரை ஜெயித்து ஐபிஎஃப் வெல்டர்வெயிட் (147 பவுண்டு) பெல்ட்டை எடுத்து வந்தவர். 36 சண்டை, தோல்வியே கிடையாது. 2016-இல் இன்னொரு வெல்டர்வெயிட் சாம்பியனோடு மோதுகிற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மிடில்வெயிட் (160 பவுண்டு) சாம்பியன் கெனாடி கோலோவ்கினோடு மோத வேண்டிய வேறொரு ஆளின் பேச்சுவார்த்தை முறிந்தது. காலி இடம், பெரிய பணம், புரூக் ஒத்துக்கொண்டார். 147 பவுண்டிலிருந்து 160 பவுண்டுக்கு இரண்டு பிரிவு ஏற்றம், கிட்டத்தட்ட ஆறு கிலோ. 63.5-இலிருந்து 69.8-க்கும் இரண்டு பிரிவு, ஆறு கிலோ சொச்சம். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

அந்தச் சண்டை 2016 செப்டம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். இரண்டாவது ரவுண்டில் புரூக் கீழிருந்து மேலே அடித்த ஓர் அப்பர்கட் குத்தில் கோலோவ்கின் தலையே பின்னால் போனது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால், சரியான முடிவு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் கோலோவ்கின் அதை வாங்கிக்கொண்டு மேலே நடந்து வந்தார். அதே அடிக்கு வெல்டர்வெயிட்டில் எதிராளி இரண்டடி பின்னால் போயிருப்பார். திறமை குறையவில்லை, எடை போதவில்லை. புரூக்கின் வலது கண் குழி உடைந்தது. ஐந்தாவது ரவுண்டில் அவருடைய பயிற்சியாளர் டொமினிக் இங்கிள் துண்டை எறிந்தார், அதாவது போதும் என்று சண்டையை நிறுத்தினார்.

கண் குழி உடைவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'கண் வீங்கியிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று பையன்கள் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கிறேன். கண் உருண்டைக்குக் கீழே இருக்கும் எலும்பு முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. பெரிய குத்து விழுந்தால் அது கீழ்ப்பக்கமாக உடைந்து, கண்ணை அசைக்கிற தசை அந்த விரிசலில் மாட்டிக்கொள்ளலாம். மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். கன்னம் மரத்துப்போகும். அந்த நிலையில் மூக்கைச் சிந்தினால் சைனஸ் காற்று கண்ணைச் சுற்றி ஏறி, இமை ஒரே நொடியில் உப்பி மூடிவிடும். ரிங்கில் இரண்டாகத் தெரிகிறவனுக்கு வருகிற குத்தில் எது நிஜம் என்று தெரியாது. புரூக்குக்கு அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு வைத்தார்கள்.

மோசமான பகுதி அதற்கப்புறம்தான். பெல்ட் இன்னும் அவரிடம் இருந்தது. காப்பாற்ற வேண்டுமென்றால் திரும்ப 147-க்கு இறங்கி எரால் ஸ்பென்ஸோடு மோத வேண்டும். 2017 மே 27, சொந்த ஊர் ஷெஃபீல்டில், கால்பந்து மைதானத்தில் சண்டை. நன்றாகத்தான் ஆரம்பித்தார். இந்த முறை இடது கண் குழி உடைந்தது. பதினோராவது ரவுண்டில் தானே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். எட்டரை மாத இடைவெளியில் இரண்டு தோல்வி, இரண்டு கண் குழி, பெல்ட்டும் போச்சு. இன்றைக்கு எல்லாரும் அதை முட்டாள்தனம் என்கிறார்கள். கையெழுத்துப் போட்ட அன்று 'துணிச்சல்' என்று சொன்னவர்களும் இதில் உண்டு.

புரூக்காவது உலக சாம்பியன், பெரிய பணம் வந்தது. தம்பிக்கு வந்திருப்பது வேறு மாதிரி அழைப்பு. கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: ஐந்து வார அவகாசத்தில், இரண்டு பிரிவு மேலே, 14 வெற்றி வைத்திருக்கிற ஒருவருக்கு எதிராக, வெளியூரிலிருந்து அறிமுக வீரரைக் கூட்டிப்போகிறார்கள் என்றால், அந்த 14-ஐ 15 ஆக்கத்தான். சுவரொட்டியில் பெரிய படம் எதிராளியுடையதாக இருக்கும். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய விஜேந்தர் சிங் 2015-இல் மான்செஸ்டரில் முதல் ப்ரொஃபஷனல் சண்டை போட்டபோது அது நான்கு ரவுண்டுதான், எதிரே நின்றவரும் புதியவர். ஒரு வீரரை வளர்க்க நினைப்பவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

எடைக் கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. அமெச்சூரில் சண்டை நாள் காலையில் எடை பார்ப்பார்கள், அதனால் யாரும் அதிகம் குறைக்க முடியாது. ப்ரொஃபஷனலில் முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். 69.8 என்று தராசில் நிற்கிற ஆள், தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு மறுநாள் ராத்திரி 75-க்குப் பக்கத்தில் நிற்கலாம். தம்பி குறைக்க எதுவும் இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய் நிற்பார். நிஜ வித்தியாசம் ஆறு கிலோ இல்லை. அதோடு ஒன்பது நிமிஷச் சண்டைக்குப் பழகிய உடம்பு பதினெட்டு நிமிஷம் தாங்க வேண்டும். அதற்குத் தயாராக ஐந்து வாரம் போதாது.

ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் பற்றி. உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள், 1980-இன் தொடக்கத்தில் முகம்மது அலி மெட்ராஸுக்கு வந்ததை. நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அப்போது அவர் ஓய்வு பெற்றவர். அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, 38 வயதில், அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு எதிராக நிஜ ரிங்கில் ஏறினார். அதற்கு முன்னால் அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரியான மேயோ கிளினிக்கில் முழுப் பரிசோதனை நடந்தது. விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் இலக்கு கொஞ்சம் தவறுகிறது, ஒற்றைக் காலில் குதிப்பதில் எதிர்பார்த்த லாகவம் இல்லை என்றெல்லாம் குறித்திருந்தார்கள். ஆனாலும் சண்டைக்குத் தடை சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை என்று முடித்தார்கள். லைசென்ஸ் கிடைத்தது. எடை குறையத் தைராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டது. அலி மெலிந்தார், நரைக்கு மை அடித்தார், கண்ணாடியில் பழைய அலி தெரிந்தார். தேவையில்லாத தைராய்டு மாத்திரை கொழுப்போடு தசையையும் கரைக்கும், இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், சூட்டைத் தாங்க முடியாமல் செய்யும். லாஸ் வேகாஸ் வெக்கையில், திறந்தவெளி அரங்கில் அந்தச் சண்டை. பத்து ரவுண்டு அடிவாங்கினார்.

சர்டிஃபிகேட் பொய் இல்லை. 'இன்றைக்குத் தடை சொல்ல ஒன்றுமில்லை' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது, அவ்வளவுதான். அதையும் சண்டை நடந்தால் சம்பாதிக்கிறவர் ஏற்பாடு செய்தால் அதற்கு என்ன மதிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அலியைச் சுற்றி 'வேண்டாம்' என்று சொன்ன ஒரு டாக்டரும் இருந்தார், ஃபெர்டி பச்சேகோ. 1977-இல் எர்னி ஷேவர்ஸோடு நடந்த சண்டைக்குப் பிறகு, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் அறிக்கையை அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அனுப்பினார். யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. அவர் விலகிக்கொண்டார். ஹோம்ஸ் சண்டையில், பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். கூட இருந்த பண்டினி பிரவுன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சினார். டண்டி கேட்கவில்லை. கார்னர் என்பது அதற்குத்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது எடை கூட இல்லை, வாத்தியாருக்கு டிக்கெட் இல்லை என்ற வரிதான். சாம்பியன்களின் தப்பான முடிவுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மேஜைதான்: சண்டை நடந்தால் பிரமோட்டருக்குப் பங்கு, மேனேஜருக்குப் பங்கு, கூட வருகிற நாலு பேருக்கும் பங்கு. வேண்டாம் என்று சொல்வதற்கு யாருக்கும் சம்பளம் இல்லை. எப்போதாவது அந்த வார்த்தையைச் சொல்கிற ஒருவர் பணத்துக்கு முன்னால் வந்த பழைய ஆளாகத்தான் இருப்பார். அவரைத்தான் முதலில் கழற்றிவிடுகிறார்கள். மைக் டைசன் 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தார். சிறு வயதிலிருந்து தன்னைத் தெரிந்த பயிற்சியாளர் கெவின் ரூனியை அதே வருஷம் அனுப்பிவிட்டார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் குத்தில் டைசனின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டு வந்தபோது, புதிய கார்னரிடம் வீக்கத்தை அழுத்துகிற குளிர்ந்த இரும்புத் துண்டுகூட இல்லை. ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி ஒற்றினார்கள். உலகத்திலேயே அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்த குத்துச்சண்டை வீரரின் கார்னர் அது! துபாயில் தம்பிக்குக் கிடைக்கப்போகிற, அன்றைக்குத்தான் அவர் பெயரையே கேட்கிற கார்னர் துண்டை எறியுமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை நான் வக்கீல் இல்லை, ஆனால் உடம்பைப் பாதிக்கிற விதிகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த மார்வின் ஹேக்லர் கதையைக் கேளுங்கள். 1987-இல் சுகர் ரே லெனார்டு வந்தார், அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு சண்டை போட்ட ஆள். ஹேக்லருக்குப் பெரிய பங்கு, லெனார்டுக்குச் சின்னச் சின்ன சலுகைகள்: 15 ரவுண்டுக்குப் பதில் 12, பெரிய ரிங், கனமான கிளவுஸ். பணம் பெரிதாகத் தெரிந்தது, இதெல்லாம் சில்லறையாகத் தெரிந்தது. ஓடி ஆடுகிறவருக்குப் பெரிய ரிங், மூச்சு வாங்குகிறவருக்கு மூன்று ரவுண்டு குறைவு. நடுவர்கள் பிரிந்த தீர்ப்பில் ஹேக்லர் தோற்றார். இடது கை வீரரான அவர் ஆரம்ப ரவுண்டுகளில் வலது கை நிலையில் நின்று ஆடியதும் சேர்ந்துகொண்டது. அது ஏன் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மறு ஆட்டம் நடக்கவே இல்லை. இத்தாலிக்குப் போனார், திரும்பி ரிங் ஏறவில்லை. கடைசியில் சொன்ன அந்த முடிவை மட்டும் எல்லா சாம்பியன்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

லெனாக்ஸ் லூயிஸ் வேறு மாதிரி. 2001-இல் ஹசீம் ரஹ்மானோடு தென்னாப்பிரிக்காவில் சண்டை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே, மூச்சு பழக நாளாகும். ரஹ்மான் முன்னாலேயே போய்ப் பழகிக்கொண்டார். லூயிஸ் ஒரு ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாகப் போனார், ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். ஆனால் ஒப்பந்தத்தில் மறு ஆட்ட விதி இருந்தது. நீதிமன்றம்வரை போய் அதை நிலைநாட்டி, அதே நவம்பரில் நாலாவது ரவுண்டில் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். தோற்றால் என்ன என்பதை ஜெயிக்கும்போதே எழுதி வைத்திருந்தார். தம்பியின் மூன்று வருஷ ஒப்பந்தத்தில், முதல் சண்டையில் தோற்றால் அவர் நிலைமை என்ன என்று எழுதியிருக்கிறதா? அடிபட்டால் துபாய் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? இங்கே திரும்பி வந்தபின் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சைக்கு? நாலு லட்சத்தில் மேனேஜர் பங்கு எவ்வளவு? மூன்றில் ஒரு பங்குவரை பிடிக்கிற ஒப்பந்தங்கள் உண்டு.

பயப்படுகிறவன் சாம்பியன் ஆக முடியாது என்கிறார். ரிடிக் போவ் 1992-இல் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் ஹோலிஃபீல்டை ஜெயித்து எல்லா பெல்ட்டையும் வாங்கினார், அடுத்த மாதமே லண்டனில் நிருபர்கள் முன்னால் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். லூயிஸோடு மோதுவதற்குப் பதில் அது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அவரை நிறுத்தியவர் அதே லூயிஸ். ப்ரொஃபஷனலில் அவர்கள் இருவரும் கடைசிவரை மோதவே இல்லை. ஆக, வேண்டாம் என்று சொல்வதிலும் தப்பான முடிவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். போவ் தன் எடையில், தன் காலத்து ஆளைத் தவிர்த்தார். தம்பியிடம் நான் தவிர்க்கச் சொல்வது அதை இல்லை. 63.5-இல், நாலு ரவுண்டில், வாத்தியார் கார்னரில் நிற்க ஒரு சண்டை கொடுங்கள் என்று பிரமோட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் நிஜமாகவே தம்பியை வளர்க்க நினைத்தால் இது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. உடனே போனை வைத்துவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

ரயில்வே வேலையை விட்டுவிடாதீர்கள். ப்ரொஃபஷனல் சண்டை போட்டால் அந்த விண்ணப்பத்துக்கும், அமெச்சூர் பதிவுக்கும் என்ன ஆகும் என்று அங்கேயும் குத்துச்சண்டைச் சங்கத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

அம்மாவை முன்னால் வைத்து அவரைத் தடுக்கப் பார்க்காதீர்கள். 23 வயதுப் பையன், அதற்காகவே பிடிவாதம் பிடிப்பான். வாத்தியாரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவரும் தம்பியும் தனியாகப் பேசட்டும்.

எந்த வழியில் போனாலும், அடுத்த ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) முன்னால் சில பரிசோதனைகளைப் பிரமோட்டர் ஏற்பாட்டில் இல்லாமல் நீங்களே செய்துவிடுங்கள்: மூளைக்கு எம்.ஆர்.ஐ., இதயத்துக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து எடுக்கும் படத்தை ஒப்பிட அதுதான் வேண்டும். கண்ணுக்கு மட்டும் விழித்திரை நிபுணரிடம் போங்கள், கண்ணாடிக் கடைப் பரிசோதனை போதாது. லெனார்டு 1982-இல் விழித்திரை பிரிந்துதான் முதலில் ஓய்வு பெற்றார். விழித்திரை பிரிந்தால் வலியே இருக்காது. ஓரத்தில் மின்னல் மாதிரியோ கரும்புள்ளிகளோ தெரிந்தால் உண்டு. தம்பியிடம் அப்படி ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார். கண் பாப்பா விரிய மருந்து விட்டுப் பார்ப்பார்கள், அதன் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும், வண்டி ஓட்ட முடியாது. அதனால் அன்றைக்கு நீங்கள் கூடப் போய், வண்டியை நீங்களே ஓட்டி வாருங்கள்.